சுகாதார அதிகாரிகளும் நிர்வாகப் பயிற்சியும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகின்ற ரஸ்தாவில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், காந்திகிராமம் என்று ஓர் இடம் இருப்பது நம் வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்ததேயாகும். அங்கு கதர் நடப்பதும், சர்வகலாசாலை நடப்பதும் தெரிந்த அளவுக்கு, 1964-ம் வருஷத்தில் ஏற்பட்ட கிராம சுகாதார, குடும்பநல ஸ்தாபனம் ஒன்று அங்கு நடந்து வருவது பலருக்குத் தெரியாது. வைத்தியர்களுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், சுகாதார ஆய்வாளர்களுக்கும் அங்கு பயிற்சி கொடுக்கப்படுகின்றது. அப்படிக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் நிர்வாகம் செய்யும் முறையும், தலைமை வகித்து நடத்தும் முறையும் சேர்ந்தவையாகும்.

இதைக் கேட்டவுடன் நம்மவர்களில் சிலர் சிரிக்கின்றார்கள். “அய்ந்தரை வருஷம் டாக்டருக்குப் படித்துப் பட்டம் வாங்கினவருக்கு இன்னும் ஒரு பள்ளிக்கூடமா? தலைமை என்பது தானாக வருவதல்லவா?” என்று கேட்கின்றார்கள். இந்தக் கேள்வியின் அடியில் இருப்பது என்ன? சிலர் ஆளப் பிறந்தவர்கள், மற்றவர்கள் கைகட்டிக் கேட்கப் பிறந்தவர்கள் என்கின்ற பழைய புரட்டுதானே இப்போது சட்டை மாற்றிக் கொண்டு வந்து நிற்கின்றது?

ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் என்னவென்று பார்ப்போம். சமவெளியில் சுமார் 30,000 ஜனங்களுக்கு ஒன்று என்பது சர்க்கார் வகுத்த கணக்கு. அதன் கீழே 5,000 பேருக்கு ஒன்றாகத் துணை நிலையங்கள். அவை ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியம்மாள். அப்புறம் மருந்துக் கிடங்கு, தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டி, வண்டி, பிறப்பு இறப்புக் கணக்கு, குடிதண்ணீரில் குளோரின் போடும் விஷயம், கொசு விஷயம். இவ்வளவையும் இருபத்தைந்து வயதுள்ள ஒரு பிள்ளையின் தலையில் தூக்கி வைக்கின்றோம். அவர் காலேஜில் படித்ததெல்லாம், எதிரில் வந்து உட்கார்ந்த ஒரு நோயாளிக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிப்பது. எதிரில் வந்து உட்காராத 30,000 பேரை என்ன செய்வது என்பதை அவருக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தார்கள்?

நாம் ஒரு சமயம் ஓர் ஊரில் கண்ணால் கண்டதைச் சொல்லுகின்றோம். ஊர்ப்பேர் வேண்டாம். குளிர்ப்பெட்டி இரண்டு நாளாக ஓடவில்லை. தடுப்பூசி மருந்து கெட்டுவிட்டிருக்கும் என்று செவிலியம்மாள் முதல் நாளே சொல்லியிருக்கின்றார். டாக்டரோ, “எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயோ?” என்று எரிந்து விழுந்தார். அந்த அம்மாளுக்கு டாக்டரின் தாயார் வயது. அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் ரிஜிஸ்டரைக் கட்டிக் கொண்டு நின்றார். அந்த டாக்டர் கெட்டவரல்ல. இராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுப்பினாலும் வந்து வைத்தியம் பார்க்கின்றவர். ஆனால் கீழே இருப்பவர் சொல்லுவதைக் கேட்பதும் தன் வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறுமுறை குளிர்ப்பெட்டி நின்றால் அந்த அம்மாள் வாய் திறப்பாரா?

மருந்து மாத்திரம் இருந்தால் வியாதி போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு அம்மை வியாதியின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகின்றோம். அம்மைக்குத் தடுப்புப் பாலை ஜென்னர் என்பவர் 1796-லேயே பரீட்சித்துக் காட்டிவிட்டார். அது 1802-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் இந்தியாவை விட்டு அந்த வியாதி ஒழிந்தது 1975-ல் தான். இடையிலே 170 வருஷத்திற்கு மேல் என்ன நடந்தது? மாரியாத்தாள் கோபம் என்று வேப்பிலை கட்டினதும், ஊசிக்காரனைக் கண்டால் பிள்ளையை ஒளித்து வைத்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும். அதை நாம் சொல்லாத நாளில்லை. மற்றொரு பக்கம், சர்க்காரும் இத்தனை லட்சம் பேருக்கு ஊசி போட்டோம் என்று கணக்குக் காட்டிக் கொண்டிருந்ததே தவிர, அம்மை எந்த வீட்டில் இருக்கின்றது என்று தேடிப் போகவில்லை. கடைசிக் காலத்தில்தான் கிராமம் கிராமமாகத் தேடுவது, தகவல் கொடுத்தவருக்கு இனாம் கொடுப்பது, வியாதி கண்ட வீட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் உடனே ஊசி போடுவது, போன இடத்திற்கே மறுபடியும் ஆள் அனுப்பிச் சரிபார்ப்பது என்று வேலையைத் திட்டம் செய்தார்கள். பால் அதே பால்தான். வேலை செய்த மாதிரிதான் வேறு. மாரியாத்தாளும் பேசாமல் போய்விட்டாள்.

நம் மாகாணத்திற்கு இவ்விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. வைத்திய இலாகா வேறு, பொதுச் சுகாதார இலாகா வேறு என்று 1922-ல், ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை இருந்த காலத்திலேயே, இங்கு தனி இலாகா ஏற்பட்டது. 1939-ல் பொதுச் சுகாதாரச் சட்டமும் இங்கு வந்தது. அச்சட்டத்தில் திருவிழாக் கூட்டங்களுக்கென்றே தனி விதிகள் எழுத வேண்டியிருந்தது என்பதை, திருவிழாவினால் புண்ணியம் வருகின்றது என்பவர்கள் சற்று யோசித்துப் பார்க்கட்டும். பின்னால் மற்ற மாகாணங்கள் பலவற்றில் இரண்டு இலாகாவையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். இங்கு கலக்கவில்லை. சுகாதார அதிகாரியாக வேண்டுமானால் பொதுச் சுகாதாரப் படிப்புத் தனியாகப் படித்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் இங்கு உண்டு. மத்திய சர்க்காரோ, எல்லா மாகாணங்களிலும் சுகாதார நிர்வாகத்திற்கென்று தனி உத்தியோக வகுப்பு வேண்டும் என்று 2017-ல்தான் கொள்கையில் எழுதினார்கள்.

மருந்து வாங்குகின்ற காரியத்தையும் பாருங்கள். 1994-ல் மருந்து வாங்கிக் கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு கழகம் ஏற்படுத்தி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்கிப் புஸ்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுத்து, இவ்வளவு தொகைக்கு மருந்து எடுத்துக் கொள் என்றார்கள். இதில் புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கை ஒழுங்கு செய்தார்கள், அவ்வளவே.

காந்திகிராமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை 1947-ல் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டாக்டர் சவுந்திரம் அம்மாள் இளமையிலேயே விதவையானவர். பெரிய வைதீகக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தும் மூலையில் உட்காராமல் டில்லிக்குப் போய் வைத்தியம் படித்தார்; 1940-ல் ஜாதி மாறி மறுமணமும் செய்து கொண்டார். காந்தியாரின் கொள்கைகளில் நமக்குள்ள அபிப்பிராய பேதம் வேறு விஷயம். சாஸ்திரப்படி அந்த அம்மாள் நடந்திருந்தால் அந்த இடத்தில் ஆஸ்பத்திரி ஏது, பயிற்சி ஏது? தலைமைக்கு யார் தகுதி என்று சாஸ்திரம் சொல்லுவதை நம்பினால் நாடு எவ்வளவு நஷ்டப்படும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

பயிற்சி என்ற பேரால் நடப்பதெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. அய்ந்து நாள் ஹாலில் உட்கார வைத்து, சுவரில் படம் காட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கடைசியில் ஒரு சர்ட்டிபிகேட்டுடன் போட்டோ எடுத்து அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது நிர்வாகப் பயிற்சியல்ல. திவசம் கொடுப்பது போன்ற ஒரு சடங்கு. பயிற்சிக்குப் போய் வந்தவரின் நிலையத்தில் ஆறு மாதம் கழித்து மருந்து இல்லை என்று திரும்பினவர்கள் எத்தனை பேர், ஊசி விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று போய்ப் பார்க்க வேண்டும். தப்பு எழுதிய செவிலியை மிரட்டினால் அடுத்த மாதம் பொய்க்கணக்கு வரும். அந்தப் பொய்க்கணக்கை நம்பிச் சென்னையில் திட்டம் போடுவார்கள். ஆகையால் கணக்கில் குறை கண்டால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதையே முதல் பாடமாக வைத்தாலும் தகும்.

மற்றொன்று. தலைமைப் பயிற்சி டாக்டர்களுக்கு மாத்திரம் என்று இருப்பதை நாம் ஒப்புக் கொள்ள முடியாது. 5,000 ஜனங்களை ஒண்டியாக நின்று பார்க்கின்ற செவிலியம்மாள் தலைவியல்லவா? காலரா வந்தால் முதலில் தெருவில் இறங்குகின்ற சுகாதார ஆய்வாளர் தலைவரல்லவா? டாக்டரையும், செவிலியையும், ஆய்வாளரையும், துப்புரவு வேலை செய்கின்ற தோழரையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைத்து, ஒரே கிராமத்தின் குறையைப் பற்றி நாலு பேரையும் பேசச் சொல்லிப் பயிற்சி நடத்த வேண்டும். டாக்டர் கடைசியாகப் பேசட்டும். காந்திகிராமத்தில் இவ்வகுப்பார்களில் பெரும்பாலோர் முன்னமே வந்து போகின்றார்களாதலால் அங்கிருந்தே இதை ஆரம்பிக்கலாம். சர்க்கார் இதற்கென்று புதிதாகக் கட்டிடம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.