கரிசல் வெயிலும் ஒரு செம்பு நீரும்

சென்ற பங்குனி உத்திரத்துக்கு எம் அன்னையைக் கழுகுமலைக்கு அழைத்துச் சென்றோம். கோவில்பட்டியில் பேருந்து ஏறும்வரை அவர் ஒரு மிடறு நீரும் அருந்தவில்லை. டயாப்பர் நனைந்துவிடுமே என்ற அச்சம்!

அவ்வச்சம் பிழையானது என்பதே நம் கருத்து. நீரைக் குறைத்தால் சிறுநீர் செறிவடைந்து பையை உறுத்தும். அவசரம் கூடுமேயன்றிக் குறையாது. கரிசல் வெயிலில் மயக்கமும் வரும். மருத்துவரே அளவு விதித்திருந்தாலன்றி, நீரைக் குறைக்கலாகாது.

டயாப்பரின் உள்ளீடு ஈரத்தை உறிஞ்சும். புறத்தேயுள்ள நெகிழித்தாளோ வியர்வையை வெளியேற விடாது. தொடையிடுக்கு வெந்து புண்ணாவது இதனாலேயே. எனவே காற்றுப் புகும், துணிபோன்ற புறத்தாள் உடையதைத் தேர்க. பெரிய அளவு மிகுதியாக உறிஞ்சும் என்பது மயக்கம், தளர்ந்தால் கசியும். நனைந்ததும் மாற்றுக. நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்பை மெல்லப் பூசுக. மேலே தளர்வான பருத்தியாடை போதும்.

ஆனால் எங்கே மாற்றுவது? 2025 செப்டம்பரில் டயாப்பருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது, நன்று. தாழிட்ட கதவு, தண்ணீர், மூடியுள்ள குப்பைக்கூடை ஆகியன கொண்ட ஓர் அறை திருவிழா ஊர்தோறும் வேண்டாவா? எட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் சமைத்த மண்ணில் இது பெருஞ்செயலா?

அன்று முன்பின் அறியாத ஒரு பெண்மணி, "உள்ள வாங்கம்மா" என்று தம் வீட்டுக் கதவைத் திறந்தார். மாற்றிக்கொண்டு வந்த அன்னை, அங்கேதான் ஒரு செம்பு நீரை முழுதாகக் குடித்தார்.