வாதத்தால் மாறுவதில்லை

பட்டிமன்றத்தில் தோற்று வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர் எவரையும் நான் கண்டதில்லை. நெருங்கியவரின் வலிதான் மனிதரைப் புரட்டிப் போடுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மருத்துவம் படித்தவர். புற்றுநோயைப் பற்றி அறியாதவரல்ல. ஆனாலும் 1923-இல் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்த பிறகே அது அவருடைய வாழ்நாள் வேலையானது. அந்தத் துக்கத்தை அவர் ஆறவிடவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். அவர் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1952-இல். அது 12 படுக்கைகளுடன் 1954-இல் தொடங்கியபோது முத்துலட்சுமிக்கு வயது 67. உங்கள் வீட்டில் சிகரெட்டை விடாதவர் இருக்கிறாரா? புள்ளிவிவரம் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ரத்ததானம் செய்ய ஒருமுறை அந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.