எடுத்து வைத்த விதையை விற்றால் வழக்கு வருமா?

கேள்வி: சங்கரன்கோவில் வட்டாரத்தில் மானாவாரியாக உளுந்து போடும் வாசகர் ஒருவர், கடையில் வாங்கிய கம்பெனி ரகத்தின் விளைச்சலில் விதைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். பையில் ‘பதிவு பெற்ற ரகம்’ என்று போட்டிருந்ததால், விற்றால் கம்பெனி வழக்குப் போடுமோ என்று தயங்குகிறார்.

பதில்: தாராளமாக விற்கலாம். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001-இல் வந்தது. அதன் 39-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற ரகமானாலும் உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். ஒரே தடை, பிராண்ட் விதையாக விற்கக் கூடாது. அதாவது பையில் அடைத்து, அந்த ரகத்தின் பெயரை லேபிளில் போட்டு விற்கக் கூடாது.

வாசகரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-இல் பெப்சிகோ நிறுவனம், தன் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மீது வழக்குப் போட்டது. சிலரிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்தின் பதிவு 2021-இல் ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. ஆகவே கம்பெனிக்குப் பதிவு உண்டு. உழவருக்கு 39-ஆவது பிரிவும் உண்டு. இரண்டும் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன.

விற்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கம்பெனிப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டாம். சாதாரணச் சாக்கே போதும்.

2. சொந்த விளைச்சலை வீட்டிலோ களத்திலோ வைத்து, விதைப்பவருக்கே நேரில் கொடுக்கவும். 1966 விதைச் சட்டம் இதற்கு விலக்கு அளிக்கிறது. பிறரிடம் வாங்கிக் கடை போட்டு விற்றால் உரிமம் வேண்டும்.

3. ஈரப்பதம் 9 சதவீதத்துக்குள் இருக்கும்படி காய வைக்கவும். 100 விதையை ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தால் 75-ஆவது முளைக்க வேண்டும்.

உளுந்து தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் ரகம் மாறாது. வீரிய ஒட்டு மக்காச்சோளம், பருத்தியில் விதை எடுத்தால் செடிகள் ஒரே சீராக வராது, மகசூலும் குறையும். அவற்றுக்குப் புது விதைதான் நல்லது.

கடை விதைக்கு வாங்கிய பில்லையும் லேபிளையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள். பதிவு பெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கவும் அதே 39-ஆவது பிரிவில் வழியுண்டு.