டொக்டர் ஹூவும் சித்துப்பாத்தியும்

பிபிசியின் 'டொக்டர் ஹூ' தொடரில் 2025ஆம் ஆண்டு வந்த அத்தியாயங்களுள், ரசிகப் பெருமக்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியது ஒன்று. வாய்க்கு வந்தபடி தூற்றியது இன்னொன்று. மே 17இல் ஒளிபரப்பான விண்வெளிப் பாட்டுப் போட்டிக் கதை முதலாவது. மே 31இல் வந்த இறுதி அத்தியாயம் இரண்டாவது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. முதலாவது, பளபளப்பாகச் செய்யப்பட்ட ஓர் அநியாயம். இரண்டாவது ஓட்டை உடைசல். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு பத்து நிமிடத்துக்காக அதன் மற்றப் பாவங்களையெல்லாம் மன்னிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இந்த வயதில் இவருக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980களில் இலண்டனிலிருந்து மைத்துனர் அனுப்பிய வீடியோ நாடாக்களில் பிடித்த வியாதி இது. மண்ணெண்ணெய் ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு மேலாக டொக்டரின் குரலைக் கேட்டு வளர்ந்த கூட்டம் அரியாலையில் சிறிதாயினும் இருந்தது. 1989இன் இறுதியில் பிபிசி தொடரை நிறுத்தியது. 1990இல் எங்களுக்கு மின்சாரம் நின்றது. 2005இல் தொடர் திரும்பி வந்தது. இடையில் நாங்கள் தவறவிட்டது 1996இல் வந்த ஒரேயொரு தொலைக்காட்சிப் படம் மட்டுமே. போர் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுவாகத்தான் இருக்கும். இப்போதைய அத்தியாயங்களை, 2025இல் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகன் கொண்டுவந்தான். எப்படிக் கொண்டுவந்தான் என்று கேளாதீர்கள்.

கதை இதுதான். விண்வெளி நிலையம் ஒன்றில் கிரகங்களுக்கிடையிலான பாட்டுப் போட்டி. அதன் அனுசரணையாளர் ஒரு பெரும் கொம்பனி. இந்தக் கொம்பனிதான் ஹெலியா என்ற கிரகத்தை அதன் கசகசாத் தேனுக்காக வளைத்துப்போட்டு, பின்னர் எரித்துச் சாம்பலாக்கியது. தலையில் கொம்புடைய அந்தக் கிரகத்து மக்கள் சிதறிப்போனார்கள். போன இடமெல்லாம் பேய்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுள் கிட் என்றோர் இளைஞன் நிலையத்தைக் கைப்பற்றுகிறான். அரங்கிலிருந்த ஓர் இலட்சம் பேரை வெற்றுவெளிக்குள் வீசிவிட்டு, ஒளிபரப்பின் வழியே ஓர் அலையை அனுப்பி, பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று இலட்சம் கோடிப் பேரையும் கொல்வது அவன் திட்டம். டொக்டர் அதனை முறியடிக்கிறார். போட்டியாளர்களுள் ஒருத்தியான கோரா, தன் கொம்புகளை வெட்டிவிட்டு வேற்றுக் கிரகத்தின் பெயரில் பாட வந்த ஹெலியப் பெண். கடைசியில் தான் யாரென்று வெளிப்படுத்தி, தாய்மொழியில் ஒரு பாட்டுப் பாடுகிறாள். சுபம்.

கோரா தன் கூந்தலை ஒதுக்கி, வெட்டுண்ட கொம்பின் அடியைக் காட்டுகின்ற காட்சியில் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். கொழும்புக்குப் போகும் ரயிலில் பொட்டை அழித்த தலைமுறை அவளுடையது. 1983 ஜூலையில், வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி உச்சரிப்பைச் சோதித்து ஆளை இனங்கண்ட கதைகளை இங்கே யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதாசிரியை ஜூனோ டோசன் இதை எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறார்! அதனாலேயே என் கோபம் பெரிது. தெரியாமல் எழுதியிருந்தால் விட்டுவிடலாம்.

எரித்தவன் எங்கே? ஒரு கிரகத்தையே சாம்பலாக்கிய கொம்பனியின் ஒரு பணிப்பாளரையாவது கதை குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதா? டொக்டர் அவர்களைத் தேடிப் போனாரா? இல்லை. கதையின் முழு ஆத்திரமும் கிட்டின் தலையிலேயே இறங்குகிறது. அவன் செய்யப் புகுந்தது மாபாதகம்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவனை அவ்வளவு பெரிய பாதகனாக ஆக்கியவர் கதாசிரியை. நியாயமான முறைப்பாட்டைக் கொலைகாரன் ஒருவன் கையில் கொடுத்துவிட்டால், கொலைகாரனைத் தோற்கடிக்கும்போது முறைப்பாடும் சேர்ந்து தோற்றுப்போகும். இது இந்தத் தொடருக்குப் புதிய பழக்கமன்று. 2018இல் வந்த 'கெர்ப்லாம்' அத்தியாயத்திலும் இதே வித்தைதான். பண்டகசாலையில் மனிதரைப் பிழிகின்ற நிறுவனம் ஒன்று. அதை எதிர்க்க ஒரேயொருவன். அவன் கையில் வெடிகுண்டு. அவன் வெடித்துச் சாகிறான். நிறுவனம் இனி மனிதருக்குக் கூடுதல் வேலை கொடுப்பதாகச் சொல்லித் தப்பிக்கொள்கிறது.

பாதிக்கப்பட்டவனுக்குக் குண்டு அல்லது பாட்டு. மூன்றாவது வழியொன்று இல்லை என்கிறது கதை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதே வசனத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். துப்பாக்கிதான் எங்கள் ஒரே குரல் என்று நம்மவர்களும் சொன்னார்கள். வேறு குரலும் உண்டு என்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அறிந்த ஊர் இது. ஆகவே இலண்டனிலிருந்து வந்தாலும், நம் ஒழுங்கையிலிருந்து வந்தாலும் அந்த வசனத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

சித்திரவதையைப் பற்றியும் பேச வேண்டும். பிடிபட்ட கிட்டுக்கு டொக்டர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார், ஒருமுறையல்ல, திரும்பத் திரும்ப. தோழி பெலிண்டா பார்த்துவிட்டதும் நிறுத்துகிறார். பயந்துவிட்டேன் என்கிறாள், மன்னிப்புக் கேட்கிறார், முடிந்தது. அடுத்த வாரம் அதைப் பற்றிய பேச்சில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போய் வெளியே வந்தவர்களோடு தேநீர் குடித்தவர்கள் நாங்கள். கட்டிப்பிடித்து முடித்துவிடக் கூடிய விடயமன்று அது. டொக்டராக நடித்த ஷூட்டி கட்வா ருவாண்டாவில் பிறந்தவர். அவருடைய குடும்பம் இனப்படுகொலைக்குத் தப்பி ஸ்கொட்லாந்தில் குடியேறியது. அவரை நிறுத்தி, அழிக்கப்பட்ட இனத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒருவனை வதைக்க வைத்தவர்கள், அதன் கனத்தை ஒரு வாரமாவது சுமந்திருக்கலாகாதா?

மே 17 என்றேன். பிரித்தானியாவில் அன்றிரவு யூரோவிஷன் இறுதிப்போட்டியோடு சேர்த்து இந்த அத்தியாயத்தை ஒளிபரப்பினார்கள். அடுத்த நாள் முள்ளிவாய்க்கால் நினைவுநாள். இங்கே அரியாலையில், கண்டி வீதியை ஒட்டிய சித்துப்பாத்தி இந்து மயானத்தில், இரண்டு நாட்களுக்கு முன்னர்தான், மே 15இல், மண்ணை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். பெப்ரவரியில் தகனமேடைக்கு அத்திவாரம் தோண்டியபோது எலும்புகள் தட்டுப்பட்ட இடம் அது. 1998இல், கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்ததோடு கோப்பு மூடிக்கொண்டது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அகழ்வு நின்றபோது, சித்துப்பாத்தியில் 240 எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. குண்டுமில்லை, பாட்டுமில்லை. மண்வெட்டி, தூரிகை, நீதவான், சட்ட மருத்துவர். வெளியே 2017 முதல் வீதியோரம் படங்களோடு குந்தியிருக்கும் தாய்மார். கதாசிரியர்களின் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வழி இதுதான். விறுவிறுப்பில்லாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதே தொடர் அதை ஒருமுறை கண்டிருக்கிறது. 2018இல் வினய் பட்டேல் எழுதிய பஞ்சாப் பிரிவினைக் கதையில், கொலைகாரர் என்று நாம் நினைக்கும் வேற்றுக்கிரகவாசிகள் உண்மையில் சாட்சிகள். தங்கள் உலகம் அழிந்தபோது கூட நிற்க முடியாமற்போனவர்கள், இப்போது தனியே சாகிறவர்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான். அதனைப் பார்த்தபோது எனக்கு டொக்டர் மீது மரியாதை கூடியது.

இனி அந்த இறுதி அத்தியாயம். கதைப்பின்னல் பற்றிய வசைகள் பெரும்பாலும் சரி. கேரளத்தில் பிறந்த வரதா சேது நடித்த பெலிண்டா, முதல் அத்தியாயத்தில், என்னைக் கேளாமல் என் மரபணுவைச் சோதித்தது தவறு என்று டொக்டரையே கண்டித்த தாதி. கடைசியில் அவளைக் கேளாமலே அவள் வாழ்க்கையை மாற்றியெழுதித் தாயாக்கிவிடுகிறார்கள். வெட்கக்கேடு.

ஆனால் அந்தப் பத்து நிமிடம். பொப்பி என்ற குழந்தை திடீரென்று இல்லாமற் போகிறது. டொக்டரும் பெலிண்டாவும் பேசிக்கொண்டே அதன் சின்னஞ்சிறு மேற்சட்டையை மடிக்கிறார்கள். மடிக்க மடிக்கச் சட்டை சிறுத்து, இல்லாமலே போய்விடுகிறது. குழந்தை ஒன்று இருந்ததே இருவருக்கும் மறந்துவிடுகிறது. ரூபி என்ற பெண் மாத்திரம், குழந்தை எங்கே என்று கேட்கிறாள். எந்தக் குழந்தை என்கிறார்கள். அவள் விடுவதாயில்லை. அத்தாட்சி ஏதுமில்லாமல், ஒருத்தியின் நினைவை மாத்திரம் நம்பி, டொக்டர் தன் உயிரைக் கொடுத்து உலகத்தை ஒரு பாகை திருப்புகிறார். இதைத்தான் மிகையுணர்ச்சி என்று தூற்றினார்கள்.

ஆகஸ்ட் 5ஆம் திகதி, சித்துப்பாத்தியில் எடுத்த பொருட்களை நீதிமன்ற உத்தரவுப்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். எழுதுவதற்காகப் போகவில்லை, ஊர்க்காரன் என்ற முறையில் போனேன். உடுப்புகள் இருந்தன. ஜூன் இறுதியில் ஒரு பிள்ளையின் எலும்புகளோடு கண்டெடுத்த நீலநிறப் பாடசாலைப் பை இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒவ்வொரு துணியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரை போய்விட்டு, திரும்பவும் முதலாவதிலிருந்து தொடங்கினார்.

அன்றிரவு மருமகன், "மாமா, பாட்டுப் போட்டியை இன்னொருக்காப் போடட்டே?" என்றான். வேண்டாம் தம்பி, அந்தச் சட்டை மடிக்கிற இடத்தைப் போடு என்றேன்.