ரொட்டிக்கு நான்கு நாள், அறிக்கைக்கு 14 நாள்!



நம் நாட்டில் ரொட்டி நோயாளியின் உணவு. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை வாயிலிலே நின்று பாருங்கள். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் மருத்துவமனைக்குச் செல்லும் சாலையிலே பாருங்கள். பாலும் ரொட்டியும் ஏந்தி விரைவோர் எத்தனை பேர்! 2015 இறுதியில் பெருவெள்ளம் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியபோது, அடுப்பெரிக்க வழியற்றோர் கைக்கு வந்ததும் ரொட்டிப் பொட்டலந்தான். காய்ச்சலில் கிடப்போனும் வெள்ளத்தில் தவிப்போனும் நம்பித் தின்னும் அப்பண்டம், நம்பத்தக்கதுதானா?

2016 மே திங்களில், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டில்லிக் கடைகளில் வாங்கிய 38 ரொட்டி, பன் வகைகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 84 என்ற அளவில், பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம்! மாவைப் பொங்கவைத்துப் பளபளப்புக் காட்டும் சரக்கு அது. புரோமேட் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1999-லேயே பட்டியலிட்டிருந்தது. பிரிட்டன் 1990-இல் விலக்கிய அந்நஞ்சை, இந்திய அரசு 2016 ஜூனில் விலக்கிற்று. இடையிலே 26 ஆண்டுகள்! அதுவரை உண்டதை எந்த ஆணை திரும்பப் பெறும்?

தீய பண்டத்தைச் சந்தையிலிருந்து மீட்க வேண்டும் என்கிறது, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. மீட்கும் முறையை வகுத்த விதிகளோ 2017-இல் வந்தன. 2015-இல் மாகி நூடுல்ஸைத் திரும்பப் பெற ஆணையிட்டார்கள். சரக்கு மலைமலையாகத் திரும்பிற்று. (அத்தடையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆகஸ்டில் நீக்கியது வேறு கதை.) மாதக்கணக்கில் கெடாத பண்டம், ஆகவே திரும்பிற்று. ரொட்டி திரும்புமா? மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தரவேண்டும் என்பது 46-ஆம் பிரிவு. ரொட்டியின் வாழ்வோ நான்கைந்து நாள்! அறிக்கை வந்து சேரும் வேளையில் பரங்கிப்பேட்டைப் பெட்டிக்கடையிலே எஞ்சியிருப்பது வெறும் உறைதான்.

எனவே கடைவாயிலில் அல்ல, மாவு பிசையும் இடத்திலே சோதனை நடக்கவேண்டும் என்று கேளுங்கள். அடுமனையின் மாவும் மருந்தும் மாதந்தோறும் சோதிக்கப்படட்டும். முடிவு அக்கடையின் சுவரிலே ஒட்டப்படட்டும்.

அதுவரை 40-ஆம் பிரிவு இருக்கிறது. வாங்குவோரே பண்டத்தைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம்; ஆய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆயினும் முதலில் அதைக் கட்ட வேண்டுமே; அன்றாடங்காய்ச்சி எங்கே போவான்? கிளைத் தோழர்கள் கட்டட்டும். முதல் மாதிரி மருத்துவமனை வாயிற்கடையிலிருந்தே போகட்டும்.