ஆண் வேடம்

ஆண்மை பிறப்பால் வருவதோ, பயிற்சியால் வருவதோ என்னும் வினாவுக்கு ஜப்பான் நாட்டு நாடக அரங்கொன்று விடை பகர்ந்து நிற்கின்றது. ஒஸாக்கா நகருக்கு அணித்தேயுள்ள தக்கரஸுக்கா என்னும் வெந்நீரூற்று ஊரில், மகளிரே ஆணும் பெண்ணுமாய் ஆடிப் பாடி நடிக்கும் இசை நாடகக் குழுவே அஃது.

இதனை 1913-ஆம் ஆண்டில் நிறுவியவர் கொபயாஷி இச்சிஸோ என்னும் இருப்புப்பாதை முதலாளி. தம் வண்டிக்குப் பிரயாணிகளைச் சேர்க்கும் பொருட்டே அவர் இளம்பெண்களைக் கூட்டி இசை பயிற்றுவித்தார். பயன்படாதொழிந்த நீச்சற்குளம் ஒன்று அரங்காக மாற்றப்பெற்று, 1914 ஏப்ரலில் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. வாணிகத்திற் பிறந்தது கலையாக வளர்ந்தமை வியக்கற்பாலது.

ஆண் வேடத்தாரை ஒத்தோக்கோயாக்கு என்பர். அவர் இசைப்பள்ளியில் ஈராண்டு பயின்று மேடையேறுகின்றனர். கூந்தலைக் குறைத்து, குரலைத் தாழ்த்தி, நிற்கும் நிலை, நடக்கும் நடை, அமரும் வகை யாவற்றையும் ஒவ்வொன்றாய்க் கைவரச் செய்கின்றனர். ஆண் வேடம் முதிரப் பத்தாண்டு வேண்டும் என்பது அங்கு வழங்கும் சொல். ஆடவரும் இளமை தொட்டு, ‘ஆண்பிள்ளை அழலாமோ’ என்று கேட்டுக் கேட்டுப் பயின்றே ஆடவராகின்றனர். அவர்க்கு அது பயிற்சியென்று தோன்றுவதில்லை, அவ்வளவே. கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றைப் பிறப்புரிமையெனக் கொண்டு செருக்குறுதல் நகைப்பிற்கிடமன்றோ?

இம்மேடையில் தோன்றும் ஆடவனைப் போல் உலகில் எவனும் இலன், இது வெறுங் கனவே எனச் சிலர் குறை கூறுவர். காண்போருள் மிகப் பெரும்பாலார் மகளிர். வலிமையும் மென்மையும் ஒருங்கே உடையவனை அவர் அங்குக் காண்கின்றனர். அத்தகையோன் மேடைக்கு வெளியே அரியனாயின், குறை மேடையினது அன்று.

ஆயினும் அவ்வரங்கின்மீது எமக்கொரு வழக்குண்டு. பெண் வேடத்திற்கு அங்கு முஸுமேயாக்கு என்று பெயர். ‘முஸுமே’ என்றால் மகள். ஆண் வேடத்தார் முழு ஆடவராக, பெண் வேடத்தார் என்றும் ஒருவர்க்கு மகளே! மேடையேறிப் பல்லாண்டு கழிந்தும் நடிகையர் யாவரும் ‘மாணவியர்’ என்றே வழங்கப்பெறுகின்றனர். மணம் புரிந்துகொண்டால் குழுவை விட்டு நீங்குதல் வேண்டும். அந்நாட்டுக் கபுக்கி மேடையிலோ, பெண் வேடம் பூணும் ஆடவர் மணந்து, மக்களைப் பெற்று, முதுமையிலும் நடித்து, தம் கலையைப் புதல்வர்க்கே அளிக்கின்றனர். அக்கபுக்கியைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோற்றுவித்தவள் ஒக்குனி என்னும் பெண்மணி என்பதும், 1629-இல் அரசு மகளிரை மேடையினின்று விலக்கிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

பத்தாண்டு பயின்று கைவந்த கலையை மணமாலை சூடும் நாளில் கழற்றி வைக்கச் செய்வது நீதியாகாது. கலையைத் தொடர்வதோ விடுவதோ, அதனைத் தெரிந்துகொள்ளும் உரிமை நடிகையினதே. ஆடவனின் நடையைப் பெண்ணுக்குக் கற்பித்த அவ்வரங்கு, ஆடவ நடிகர்க்கு உலகம் அளிக்கும் அவ்வுரிமையையும் அவளுக்கு அளித்தல் வேண்டுமென்பதே எம் துணிபு.