மரக் கணக்கில் தொலையும் புல்வெளிகள்

ஓர் ஊரின் பசுமையை அளக்கச் சொன்னால் நாம் மரங்களைத்தான் எண்ணுவோம். அரசும் அப்படித்தான் எண்ணுகிறது. தமிழகத்தின் வன, மரப் பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்குடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால், அளக்கப்படுவது மட்டுமே பேணப்படும். அளக்கப்படாதது கேட்பாரற்றுப் போகும் என்பது பொருளியலின் பாலபாடம். அவ்வாறு கணக்கில் வராமல் போனது புல்வெளி.

தாமிரவருணிப் பள்ளத்தாக்கில் இக்கேள்வி இப்போது அவசரமாகியுள்ளது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகை பெறப்பட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களின் 8,373 ஏக்கர், 2028-இல் குத்தகைக் காலத்தை நிறைவு செய்கிறது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. அகத்தியமலை நிலப்பரப்பை ஆய்வு செய்து மீட்புக்குப் பரிந்துரைக்குமாறு 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் மத்திய அதிகாரக் குழுவைப் பணித்தது. தேயிலை அகன்ற இடத்தில் எது வரவேண்டும் என்பதே இனி கேள்வி. 'மரம் நடுவோம்' என்பது எளிய விடை. முழுமையான விடை அன்று.

பசுமைமாறாக் காட்டின் தரையை எட்டும் வெயில் ஓரிரு விழுக்காடே. முதிர்ந்த மரம் ஒன்று காற்றில் சாயும்போது விதானத்தில் திறப்பு விழுகிறது. வட்டக்கண்ணி போன்ற ஒளிவிரும்பி மரங்கள் அங்கே விரைந்து எழுகின்றன. நிழலில் ஆண்டுக்கணக்கில் குன்றி நின்ற கன்றுகளும் நிமிர்கின்றன. சிறு திறப்பில் ஒரு கூட்டம், பெருந்திறப்பில் வேறொரு கூட்டம். குலைவே இல்லாத காட்டில் வலிய சில இனங்கள் மற்றவற்றை ஒடுக்கிவிடும். ஓயாத குலைவில் எதுவும் நிலைக்காது. இடைப்பட்ட அளவிலேயே பன்மை செழிக்கும் என்று 1978-இல் ஜோசப் கொன்னல் முன்வைத்த கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது.

புல்வெளியின் கதையும் இதுவே. மெலிந்த மண், மேய்ச்சல், எப்போதாவது வரும் தீ ஆகியவை எந்த ஓர் இனத்தையும் தனியாட்சி செய்ய விடுவதில்லை. அர்ஜென்டினாவின் மலைப் புல்வெளி ஒன்றில், ஒரே ஒரு சதுர மீட்டரில் 89 தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிச் சோதனை மற்றொரு பாடம் தருகிறது. உரமே இடாத பாத்திகளில் இனங்கள் பல. தழைச்சத்து மிகுதியாக இட்ட பாத்திகளில் உயரமான புற்கள் சில மட்டும் மற்றவற்றை மூடிவிட்டன. விளைச்சல் கூடியது, பன்மை குறைந்தது. பல்லாண்டுகள் உரமிடப்பட்ட தேயிலைச் சரிவுகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று நம்புவதற்கில்லை என்பதை இது உணர்த்துகிறது.

நீர்க் கணக்கும் உண்டு. உதகையை அடுத்த கிளன்மார்கனில், புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் யூகலிப்டஸ் நடப்பட்டது. முதல் பத்தாண்டுகளில் அங்கிருந்து கிடைத்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளை நம்பி நெல் விளைவிக்கும் மாவட்டங்களுக்கு இது சிறிய எண் அன்று. பழனி மலையிலோ 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. அழித்தவற்றில் முதன்மையானவை மரத்தோட்டங்கள்.

இழப்பு ஏன் உறைக்கவில்லை? நம் அளவுகோலே காரணம். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 விழுக்காடு இருந்தால், அது யூகலிப்டஸ் தோப்பானாலும் வனப்பரப்பில் சேரும். வரையாடு மேயும் மரமற்ற முகடு சேராது. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு புதர் நிலங்களையும் நலிந்த மேய்ச்சல் நிலங்களையும் தரிசு என்றே வகைப்படுத்துகிறது. வரி தராத நிலம் வீண்நிலம் என்ற ஆங்கிலேயர் காலப் பார்வையின் எச்சம் இது. முல்லைத் திணைக்கு ஆயரையும் ஆநிரையையும் உரியதாக்கிய நம் மரபோ, மேய்ச்சல் வெளியையும் காட்டின் பகுதியாகவே கண்டது.

சமவெளியிலும் இதே நிலைதான். திருநெல்வேலிக்குக் கிழக்கே வல்லநாட்டில் வெளிமான்களுக்கென 1987-இல் சரணாலயம் அமைந்தது. அவற்றுக்கு வேண்டியது அடர்ந்த தோப்பு அன்று. புல்லும் திறந்த வெளியும். ஆனால், மேய்ச்சல் புறம்போக்குகளை ஒருபுறம் சீமைக்கருவேலம் மூடுகிறது. மறுபுறம் நல்லெண்ணத்துடன் நடப்படும் மரக்கன்றுகள் நிரப்புகின்றன.

மாஞ்சோலையில் தேயிலைக்காக வெட்டப்பட்டது பெரும்பாலும் பசுமைமாறாக் காடு. அங்கே காடு திரும்பத்தான் வேண்டும். ஆயினும், எந்தச் சரிவில் காடு இருந்தது, எங்கே சதுப்பு, எங்கே புல் என்று வரைபடமிட்ட பிறகே முதல் கன்று ஊன்றப்பட வேண்டும். அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென 2022-இல் அரசு வகுத்த கொள்கை, உண்ணிச்செடியை அகற்றுவதோடு நின்றுவிடாமல் அந்த இடத்தில் புல்லை மீட்பதுவரை செல்ல வேண்டும். ஆண்டறிக்கைகளில் புல்வெளிக்குத் தனிப் பத்தி வேண்டும்.

தலைமுறைகளாக அம்மலையில் உழைத்து, இன்று வாழ்வாதாரம் இழந்து நிற்கும் தொழிலாளர் குடும்பங்களை இப்பணியிலிருந்து ஒதுக்கிவிடக் கூடாது. எந்த ஓடை கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவு மழையில் சரியும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? மீட்புப் பணியில் விரும்புவோருக்கு ஊதியத்துடன் இடமளிப்பது கருணை அன்று. அறிவுக்குத் தரும் விலை.

வரையாட்டைக் காக்க 25.14 கோடி ரூபாயில் திட்டம் வகுத்துள்ளோம். 2024-இல் 1,031 ஆக இருந்த அதன் எண்ணிக்கை, 2025 கணக்கெடுப்பில் 1,303 ஆகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆட்டை எண்ணத் தெரிந்த நாம், அது மேயும் புல்லையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).